அரை மணி தாமதமாக வந்த நண்டுகள்

"நண்டு பிடிக்கவா ஒன்ன சிங்கப்பூருக்கு அனுப்புனேன்?" என்று அப்பா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டது நியாயமான கேள்விதான். அவர் ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு பால் வெட்டப் போன காலத்தில், தன் மகளைக் கோலாலம்பூரில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்து, பிறகு சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பியவர். அந்த மகள் மூன்று வருடம் விலங்கியல் படித்துவிட்டு, விடுமுறைக்கு வந்த மறுநாளே "ஜெராமுக்குப் போகணும், நண்டு பிடிக்கணும்" என்று வாசலில் நின்றால் எந்தத் தகப்பனுக்கு வயிறு எரியாது?

விஷயம் இதுதான். மூன்று வருடத்தோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். நாலாம் வருடம் ஒன்று உண்டு, ஆனர்ஸ் என்பார்கள். அதில் ஒரு சிலருக்குத்தான் இடம். எங்கள் விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு, "விடுமுறையில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டு வா. கேள்வியும் உன்னுடையதாக இருக்கவேண்டும், பதிலும் உன்னுடையதாக இருக்கவேண்டும். குறுக்குக் கேள்வி கேட்பேன். தாங்கினால் இடம் உனக்கு" என்று சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் அப்பா, கோல சிலாங்கூர் டவுன் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். நான் அழுது, சண்டை போட்டு, ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்ததில் கடைசியாக ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்.

"அந்த ஒரு வருஷத்துல அப்படி என்னதான் படிக்கப் போறேன்னு எனக்குப் புரியிற மாதிரி காட்டு பாப்பா. புரிஞ்சா போ. புரியலன்னா டவுன் பள்ளிக்கூடம்."

விரிவுரையாளரைக்கூட நம்பவைத்துவிடலாம். தொட்டதற்கெல்லாம் கணக்குக் கேட்கும் அப்பாவை நம்பவைப்பது எப்படி? ஆனாலும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரும்போது வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்திருந்தேன்.

ஜெராம் கடற்கரை மணல் கிடையாது, சேறு. கடல் வற்றியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு பளபளக்கும். அதில் கட்டைவிரல் அளவு நண்டுகள் ஆயிரக்கணக்கில் வளையைவிட்டு வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும்போது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிற ஆளைப்போல இருக்கும். கடல் ஏறினால் எல்லாம் வளைக்குள் போய் வாயை அடைத்துக்கொள்ளும். கடல் வற்றுகிற நேரமோ தினமும் ஒரே நேரம் இல்லை. நிலாவோடு சேர்ந்து ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலேயே தள்ளிப் போகும். வளைக்குள் இருட்டில் அடைந்து கிடக்கும் நண்டுக்கு வெளியே தண்ணீர் வற்றிவிட்டது என்று யார் சொல்கிறார்கள்? தண்ணீரா? அல்லது நண்டுக்குள்ளேயே ஒரு கடியாரம் ஓடுகிறதா? கடலே இல்லாத எங்கள் தோட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து வைத்தால், ஜெராமில் தண்ணீர் வற்றுகிற நேரத்துக்கு இங்கே வெளியே வருமா? இதுதான் என் கேள்வி.

சாதாரண காலமாக இருந்தால் சைக்கிளில் போய் வந்துவிடலாம். அது அவசர காலம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். அங்கே துப்பாக்கியோடு போலீஸ். பொழுது சாய்ந்தால் கர்ஃபியூ. ஆற்றங்கரைப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது. வெட்டுக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கு எடுத்துப் போக முடியாது. வெளியே எங்கே போனாலும் பாஸ் வேண்டும். அப்பா எனக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "நண்டுன்னு எழுதல, படிப்பு விஷயம்னு எழுதியிருக்கேன்" என்றார்.

எங்கள் தோட்டம் இருந்த புக்கிட் பெலிம்பிங் பக்கத்திலிருந்து வெளியே போக ஒரே பஸ்தான். வழக்கம்போல் அது அரை மணி லேட். எங்கள் தோட்டத்தில் பஸ்காரனைத் திட்டாத ஆள் கிடையாது. காலையில் கேட்டைத் திறக்கிற போலீஸ்காரனும் அப்படித்தான், தினமும் அரை மணி லேட். "டவுன்காரனுக்கு நம்மள மாதிரி விடியக்காலையில எந்திரிச்சிப் பழக்கம் இருந்தாத்தானே லா" என்று வேலைக்காட்டில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லுவார். நாங்களெல்லாம் அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டுவோம்.

ஜெராமில் கடலை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துக் கடை. கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் புரோட்டா மாவிலிருந்து கையை எடுக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"திங்கிற நண்டு வேணும்னா நான் தர்றேன்மா. இத வச்சி என்ன செய்யப் போறே? சதையே கெடையாது."

"திங்க இல்ல நானா, பாக்க."

"பாக்கவா? பாக்குறதுக்கா அங்கேயிருந்து பஸ் ஏறி வந்தே?" என்று சிரித்தாலும், தன் மனைவியிடம் சொல்லி எனக்கு ஒரு பழைய கைலி வாங்கிக் கொடுத்தார். சேற்றில் புதையாமல் நிற்க இரண்டு பலகையும் கொடுத்தார். ஒரு பலகையில் நின்று இன்னொன்றை முன்னால் போட்டுப் போட்டு நான் சேற்றுக்குள் நடந்தேன். நாலாவது தடவை பலகை போடுவதற்குள் விழுந்தேன். எழுந்தபோது என்னைச் சுற்றி நூறு கொடுக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. மூன்று வருடமாகப் புத்தகத்தில் படம் பார்த்த கொடுக்கு என் முழங்கைக்குப் பக்கத்தில் உயிரோடு ஆடுகிறது! வாய்விட்டுக் கத்தினேன். அத்தனையும் வளைக்குள் ஓடிவிட்டன. பிறகு கால் மணி நேரம் மூச்சுவிடாமல் இருந்து, கையால் தோண்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பாதி வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் சேற்றை நிரப்பி நண்டுகளை விட்டுச் சாக்குப் போட்டுக் கட்டினேன். விரிவுரையாளர் சொன்ன யோசனை ஒன்று இருந்தது. கடல் தண்ணீரை ஊற்றியும் வடித்தும், கடல் ஏறுவதையும் வற்றுவதையும்போலச் செய்து பார்க்கலாம் என்று. அதற்காக நானா கொடுத்த இரண்டு பெரிய பிஸ்கட் டின் நிறையக் கடல் தண்ணீர் எடுத்து, பஸ்ஸில் சிந்தாமல் இருக்க மூடியைச் சுற்றி மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கேட்டில் இருந்த போலீஸ்காரன் சின்ன வயசு மலாய்க்காரன். நண்டு டின்னைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிட்டான். பிஸ்கட் டின்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அந்தக் காலத்தில் கடையில் டின் சாமான் வாங்கினால், கடைக்காரன் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டை போட்ட டின்னைப் பதுக்கி வைக்க முடியாது, காட்டுக்கும் அனுப்ப முடியாது. நானோ மெழுகு வைத்து அடைத்த டின் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

"ஆயிர் லாவுட்! கடல் தண்ணி!" என்று நான் கத்தக் கத்த, அவன் "தக் போலே, தக் போலே, ஆர்டர்", கூடவே கூடாது என்று தலையாட்டிக்கொண்டே இரண்டு டின்னிலும் கத்தியால் குத்தினான். ஜெராம் கடல் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணில் ஓடியது. அவன் விரலில் பட்டதை நக்கிப் பார்த்துவிட்டு, "மாசின்" என்றான். உப்பாம். அதைத்தானே நான் சொன்னேன்! ஆத்திரத்தில் நான் அழுதேவிட்டேன். பாவம், அவன் திகைத்துப்போய் ஓட்டை டின்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீடு வரைக்கும் வந்து வைத்துவிட்டுப் போனான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆனது. தண்ணீர் போனதால் கடலைப்போல நடிக்க வழியில்லை, நண்டுக்கு வெளியிலிருந்து குறிப்புக் கிடைக்கவும் வழியில்லை. வெறும் ஈரச் சேற்றோடு டின்னை எங்கள் குளியலறையில் வைத்தேன். ஜன்னலைச் சாக்கால் மறைத்தேன். சேறு காயாமல் இருக்க, கல்லுப்புக் கரைத்த கிணற்றுத் தண்ணீரை நினைத்த நேரத்தில் தெளித்தேன். ஒரே நேரத்தில் தெளித்தால் நண்டு அதைப் பழகிவிடும் அல்லவா? அம்மா, "ஒன் நண்டுக்காக நாங்க வாசல்ல நின்னா குளிக்கிறது?" என்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டில் சளி பிடித்தவர்களுக்கு ரசம் வைக்க இரண்டு நண்டு கேட்டு வந்தார்கள். எல்லோரையும் விரட்டிவிட்டு, கதவிடுக்கில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மடியில் அப்பாவின் பாக்கெட் கடியாரம்.

மறுநாள் மத்தியானம் சேறு அசைந்தது. ஒரு துளை விழுந்தது. அதிலிருந்து கம்பிமேல் வைத்த இரண்டு கண் எட்டிப் பார்த்தது. பிறகு பெரிய கொடுக்கு வந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. கடல் இல்லை, நிலா இல்லை, வெயில்கூட இல்லை. ஜெராமிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி ஒரு குளியலறையில், எண்ணெய் டின்னுக்குள், நண்டு கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அம்மா கையில் கரண்டியோடு, "என்னடி ஆச்சு, தேள் கொட்டிருச்சா?" என்றார்.

மறுநாள் இன்னும் முக்கால் மணி தள்ளி வந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளி. நிலா போகிற போக்கிலேயே போயின. சந்தேகமே இல்லை, உள்ளே ஒரு கடியாரம் ஓடுகிறது.

இனி, ஜெராமில் சரியாக எத்தனை மணிக்கு வருகின்றன என்று தெரியவேண்டும். அதற்கு நானாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் கடையின் பின்வாசலைத் திறந்தால் சேறுதான். முதல் நண்டு வெளியே வரும் நேரத்தைப் பார்த்து, எங்கள் தோட்டத்துக்கு மீன் கொண்டுவரும் சைக்கிள்காரரிடம் சொல்லிவிடுவார். மறுநாள் காலையில் மீன்காரர் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, "சூட மீனு! கெளுத்தி! நேத்து நண்டு பன்னெண்டேகாலு!" என்று கூவுவார். லயமே சிரிக்கும்.

அவர் சொன்ன நேரத்தோடு என் நண்டுகளின் நேரத்தை ஒப்பிட்டேன். என் நண்டுகள் அரை மணி லேட். மறுநாளும் பார்த்தேன், அரை மணிதான். முதலில் மீன்காரர்மேல்தான் சந்தேகம் வந்தது.

"தப்பா சொல்றீங்களாண்ணே?"

"நான் ஏம்மா பொய் சொல்றேன்? மீனு நிறுக்கும்போதுகூட நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் நிறுவை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தினமும் ஒரே அரை மணியைப் பொய்யாகச் சொல்ல யாராலும் முடியாது.

அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் தோட்டத்தை ஒட்டிச் சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. கடல் ஏறினால் ஆறும் ஏறும், ஆனால் உடனே ஏறாது. தண்ணீர் உள்ளே வந்து சேர நேரம் பிடிக்கும். அரை மணி பிடிக்காதா? அப்படியானால், என் நண்டுகள் ஜெராமை மறந்துவிட்டன! இந்த இடத்து ஆற்றின் நேரத்துக்கு, ஆற்றைப் பார்க்காமலே, மாறிக்கொண்டுவிட்டன! இப்படி ஒன்றை எங்கள் பாடப் புத்தகங்களில் நான் படித்ததில்லை. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. அப்பா வேலை முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் கேட்டுக்கே ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். மண்டோரிடம் சொன்னேன். தண்ணீர்க் குழாயடியில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன். "நம்ம தோட்டத்துக்கு வந்தா நண்டுகூட ஊர்க்காரனாயிடுது பாரு" என்று மண்டோர் ஊரெல்லாம் பெருமையடித்தார். அப்பா மட்டும், "ஓகோ" என்றார். அவர் முகத்தில் ஏதோ ஒரு யோசனை ஓடியது. அது நம்பிக்கையில்லாத முகம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

குறுக்குக் கேள்வி வந்தால் மீன்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஒரு நாளாவது ஜெராமில் நானே என் கண்ணால் பார்க்கவேண்டும். மறுபடியும் பாஸ் வாங்கிக்கொண்டு, அப்பாவின் கடியாரத்தோடு கிளம்பினேன். பஸ் அரை மணி லேட். திட்டிக்கொண்டே ஏறினேன்.

நானா கடையில் நுழைந்ததும் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தேன். கையிலிருந்ததையும் பார்த்தேன்.

"நானா, ஒங்க கடியாரம் அரை மணி ஸ்லோ."

"ரேடியோவ வச்சித்தானேம்மா தினமும் திருப்புறேன்?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அலமாரிமேல் இருந்த ரேடியோவில் டிக் டிக் என்று மணிச் சத்தம் கேட்டது. நேரம் இரண்டு மணி என்று சொல்லித் தமிழில் செய்தி வாசிக்கத் தொடங்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லோரி டிரைவர் இடது கையை நீட்டித் தன் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடையதிலும் இரண்டு. என் உள்ளங்கையில் இரண்டரை.

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் லேட் இல்லை. போலீஸ்காரன் லேட் இல்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் திட்டிக்கொண்டிருந்த உலகம் சரியான நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஆபீஸ் கடியாரத்தைப் பார்த்து வாட்ச்மேன் மணி அடிப்பான். மணியைக் கேட்டு நாங்கள் வீட்டுக் கடியாரத்தைத் திருப்புவோம். ஆபீஸ் கடியாரமே அரை மணி முந்தியிருந்தால், அதைத் தோட்டத்துக்குள் இருப்பவர் யார் கண்டுபிடிப்பது? தன் முதுகு தனக்குத் தெரியுமா? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் எனக்குக் கடியாரம் கிடையாது, விடுதி மணிதான். வீட்டுக்கு வந்தால் தோட்டத்து மணி. மூன்று வருடம் படித்த எனக்கும் தெரியவில்லை. ஆற்று நேரமாவது மண்ணாங்கட்டியாவது! என் மாபெரும் கண்டுபிடிப்பு ஜெராம் சேற்றில் விழுந்து முழுகியது. அவமானத்தில் காது சுட்டது.

"என்னம்மா, மயக்கமா? தே போடவா?" என்றார் நானா.

அப்போதுதான் பின்வாசல் பக்கம் சேற்றில் முதல் கொடுக்கு எழுந்தது. நான் கடியாரத்தைப் பார்த்தேன். என் குளியலறையில், தோட்டத்து மணிப்படி, அன்றைக்கு எத்தனை மணிக்கு நண்டு வரும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேனோ, கடியாரம் அதே நேரத்தைக் காட்டியது. அப்படியானால் இந்த நிமிஷம் என் டின்னிலும் சேறு அசைந்துகொண்டிருக்கிறது! இங்கே தண்ணீர் வற்றுகிறது, அங்கே தண்ணீரே இல்லை, இரண்டும் ஒரே நேரம்! என் நண்டுகள் லேட்டும் இல்லை, ஊர்க்காரர்களாக மாறவும் இல்லை. கடலைவிட்டு வந்து இத்தனை நாளாகியும் கடலின் நேரத்தை அச்சுப் பிசகாமல் வைத்திருக்கின்றன. நான் தொலைத்ததைவிடப் பெரியது கையில் கிடைத்திருக்கிறது. அழுகையும் சிரிப்புமாக வந்தது. நானா தேநீரில் கூடக் கொஞ்சம் பால் ஊற்றிக் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா காப்பி குடிக்கும்போது கேட்டேன். "அப்பா, ஆபீஸ் கடியாரம் அரை மணி முந்துதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "முந்தல. முந்தித்தான் வச்சிருக்கு. குளிர்ச்சியில வெட்டுனாத்தானே பால் ஓடும்? எனக்கு முன்னால இருந்த கிராணி காலத்துலேருந்து அப்படித்தான். வேலை அரை மணி முன்னாலயே முடிஞ்சிருது, யாருக்கும் நட்டமில்ல. டவுனுக்குப் போனா நான் அரை மணி கழிச்சிக்குவேன்."

"நண்டு அரை மணி லேட்டுன்னு நான் குதிச்சப்போ ஏன்பா சொல்லல?"

"அன்னிக்கே எனக்குத் தட்டுப்பட்டுச்சி" என்றார் மெதுவாக. "வாய் தொறக்க முடியல. நீயும் வெளிய சொல்லாத. இப்ப இருக்கற காலம் தெரியுமில்ல? கிராணி மணியத் திருகி எங்கள இருட்டுல எழுப்பி ஏமாத்துனான்னு ஒருத்தன் கெளப்பிவிட்டாப் போதும். யார் யாரெல்லாம் வந்து கேள்வி கேப்பாங்கன்னு சொல்ல முடியாது."

"அதச் சொல்லாம நான் எப்படி எழுதுறது? நண்டு லேட்டுன்னு பொய் எழுதவா?"

அவர் மறுபடியும் டம்ளரைக் கையில் எடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடியார விஷயத்தை எழுதாவிட்டால் என் ஆராய்ச்சி முதல் குறுக்குக் கேள்வியிலேயே கவிழ்ந்துவிடும். எழுதினால் அப்பாவுக்குத் தலைவலி. நாலாம் வருடம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. அதைவிட, அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கரித்துண்டை எடுத்துக் குளியலறைக் கதவில் "ஞாயிறு, நாலு மணி" என்று பெரிதாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை ஜெராம் நண்டுகள் ரேடியோ மணிப்படி அந்த நேரத்தை ஒட்டித்தான் வெளியே வரும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நாலு மணிக்கு நண்டு வெளிய வரும், வந்து பாருங்க" என்றேன். எந்த நாலு மணி என்று சொல்லவில்லை. அப்பா கதவைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயமே வந்துவிட்டது. காலையிலேயே டின்னைத் தூக்கிவந்து மாமரத்து நிழலில் வைத்து, நண்டுகள் அமைதியாகும்படி விட்டிருந்தேன். அசைந்தாலோ பேசினாலோ நண்டு வராது என்று சொன்னதும், அத்தனை பேரும் சப்பணம் போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் லயம் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையோடு பின்னால் தனியாக நின்றார்.

ஆபீஸில் நாலு மணி அடித்தது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். சேறு அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள்.

"நண்டுக்கு ஞாயித்துக்கெழமை லீவு லா."

"சிங்கப்பூர் படிப்பு புட்டுக்கிச்சி" என்றார் மண்டோர். கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து துண்டை உதறத் தொடங்கினார்கள். இன்னும் அரை மணி இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்வேன்? வேகத்தில் கதவில் எழுதிவிட்டேன். இப்போது அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சேற்றையே பார்த்தேன்.

"எல்லாரும் உக்காருங்க" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "இன்னும் நாலு ஆகல."

எல்லோரும் திரும்பினார்கள். மணி அடித்ததை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அப்பா முன்னால் வந்து டின்னுக்குப் பக்கத்தில் நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நம்ம ஆபீஸ் கடியாரம் அரை மணி முந்தியிருக்கு. பால் வெட்டுக்காக ரொம்ப வருஷமா அப்படித்தான் வச்சிருக்கு. சாவி என் கையிலதான் இருக்கு, எனக்குத் தெரியும். ஒங்களுக்குச் சொன்னதில்ல. சொல்லியிருக்கணும். நண்டு வெளி மணிக்கு வரும். இருந்து பாருங்க."

இதுவரைக்கும் நண்டு வராவிட்டால் என் படிப்புத்தான் போகும். இப்போது அப்பாவின் பேரும் அந்த டின்னுக்குள் கிடந்தது. மண்டோர்தான் முதலில் தலையைச் சொறிந்தார். "அப்ப இத்தன வருஷமா அந்த பஸ்காரன..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் களுக்கென்று சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் முறைத்துக்கொண்டே எழுந்து போனார். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் "உஷ்" என்றேன்.

அந்த அரை மணியைப்போல நீளமான அரை மணி என் வாழ்க்கையில் வந்ததில்லை. அப்பா கடியாரத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் முழங்கால் போட்டு டின்னுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா! அந்தா! கண்ணு தெரியுது!" என்று கத்தியது அவர்தான். அத்தனை நண்டும் உள்ளே ஓடிவிடுமோ என்று நான் அவர் வாயைப் பொத்தினேன். ஓடவில்லை. ஒரு துளை, இரண்டு துளை, பெரிய கொடுக்கு ஒன்று மேலே எழுந்தது. லயம் முழுவதும் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அப்புறம் அமைதியாவது ஒன்றாவது! கைதட்டும் கூச்சலுமாக நண்டுகளை விரட்டியடித்துவிட்டார்கள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. காலி சேற்றையே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"தண்ணியுமில்ல, நெலாவுமில்ல. பின்ன யாரு பாப்பா இதுக்கு நேரம் சொல்றது?"

"தெரியலப்பா. யாருக்கும் தெரியாது. அதத்தான் நாலாம் வருஷம் படிக்கணும்கிறேன்."

அவர் எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அது போகவில்லை.

"அப்ப போயி படிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.